போல்ட்டுக்கு ஒரு பொட்டு

ஆயுத பூஜையன்று காலையில் சந்தனக் கிண்ணத்தோடு மகளின் புது வேன் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் போர்வை, துண்டு வியாபாரம் செய்கிறாள். வண்டி வந்து இன்னும் இருபது நாள்கூட ஆகவில்லை. முன்கண்ணாடிக்கு மூன்று பொட்டு, ஸ்டியரிங்குக்கு ஒன்று, டயருக்கு ஒவ்வொன்று என்று வைத்து முடித்துவிட்டு, எஞ்சினுக்கும் ஒன்று வைத்துவிடலாமே என்று மூடியைத் தூக்கினால், உள்ளே எஞ்சினையே காணோம். கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு பெரிய மூடி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு மூடி. பேட்டரிக்குக்கூடச் சட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள். இரும்பு என்று ஒன்று கண்ணில் பட்டால்தானே பொட்டு வைப்பதற்கு?

"அப்பா, அங்கெல்லாம் வெக்காதீங்க. வாரண்டி போயிரும்" என்றாள் மகள்.

சந்தனம் பட்டால் வாரண்டி போகும் என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்காது. ஆனால் அவளுக்கு என் பூர்வ கதை தெரியும். ஆயுத பூஜையும் வேனும் நானும் ஓரிடத்தில் சேர்ந்தால் அவள் கொஞ்சம் தள்ளி நின்று கண்காணிப்பாள்.

உங்களுக்கெல்லாம் சந்தன வாசனை வந்தால் கோயில் ஞாபகம் வரும். கல்யாண வீட்டு வாசல் ஞாபகம் வரும். எனக்கு ஒயர் கருகும் வாசனை வருகிறது. மூக்கு டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம் இல்லை, கதையாகச் சொல்லித் தீர்க்க வேண்டிய விஷயம். கேளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஐடிஐயில் ஒயர்மேன் படித்து முடித்து, நாமக்கல் பக்கத்தில் ஒரு ஹேச்சரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஹேச்சரி என்றால் முட்டையை மெஷினுக்குள் அடுக்கிக் குஞ்சு பொரிக்கவைக்கிற இடம். இருபத்தோராம் நாள் காலையில் போய் மெஷினைத் திறந்தால், ஒரு ஊரே எழுந்து நின்று கத்துகிற மாதிரி இருக்கும். அந்த மெஷின்களின் ஒயரிங்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதோடு, பொரித்த குஞ்சுகளை வேனில் ஏற்றிப் பண்ணைகளில் இறக்கி, கையெழுத்து வாங்கி வருவதும் என் வேலை. அதோடு, வேனில் லைட் எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை என்றால் பார்ப்பதும் என் வேலை. மேனேஜரைப் பொறுத்தவரை கரண்ட் என்றால் எல்லாம் ஒரே கரண்ட்தான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அப்போது எனக்கும் அப்படித்தான்.

வேன் என்றால் இன்றைக்கு நீங்கள் நினைக்கிற வேன் இல்லை. முகம் தட்டையாக, நெற்றி அகலமாக, இரண்டு சீட்டுக்கும் நடுவில் எஞ்சினை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்த பழைய டீசல் வண்டி. எங்களிடம் வருவதற்கு முன் அது ஒரு பேண்ட் வாத்தியக் கோஷ்டியிடம் இருந்தது. அதற்கும் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் கோழிக்குஞ்சு. மூன்று பிறவியிலும் சத்தத்துக்குக் குறைவில்லை. பின்பக்கம் குஞ்சுப் பெட்டிகளை அடுக்குகிற இடத்தில், கூரையில் நான்கு சின்ன ஃபேன்கள். பெட்டிக்கு நூறு குஞ்சு. இருபது பெட்டி ஏற்றிவிட்டால் அந்தக் குஞ்சுகளின் உடம்புச் சூடே போதும், அரை மணி நேரத்தில் ஒன்றையொன்று வேக வைத்துவிடும். அதனால் அந்த நான்கு ஃபேனும் நிற்கக் கூடாது. வண்டி நின்றாலும் ஃபேன் நிற்கக் கூடாது என்பது ஹேச்சரியில் சட்டம்.

ஓட்டியவர் மாரிமுத்து அண்ணன். சங்ககிரிக்காரர். பத்துப் பன்னிரண்டு வருஷம் வடநாட்டுக்கு லாரி ஓட்டி, இடுப்பு போய், நாற்பது வயதில் குஞ்சு வேனுக்கு இறங்கி வந்தவர். லாரியில் இனி உட்கார முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வேன் போனால் அவருக்கு வேறு ஸ்டியரிங் கிடையாது. ஆனால் பேச்சில் அந்தக் கவலையெல்லாம் தெரியாது. எல்லோரும் அவருக்குச் சாமிதான். நான் சாமி, மேனேஜரின் கைக்குழந்தை சாமி, ரோட்டில் குறுக்கே வரும் ஆட்டுக்குட்டி சாமி. இரண்டாயிரம் குஞ்சுகளையும் தினமும் காலையில், "போலாங்களா சாமி?" என்று கேட்டுவிட்டுத்தான் கியர் போடுவார். இரண்டாயிரமும் ஒரே குரலில் பதில் சொல்லும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எனக்கு ஒரு வேகம் வந்தது. சங்ககிரிப் பக்கம் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். பூஜை வந்தால் மணப்பெண் மாதிரி நிற்கும். அடிச்சட்டமான சேஸ் வரைக்கும் பளபளவென்று பெயின்ட் அடித்திருப்பார்கள். நம் வண்டி மட்டும் ஏன் அழுக்குப் பாவாடை கட்டிய மாதிரி நிற்க வேண்டும்? தெரிந்த லாரி பாடி பட்டறையில் மீந்துபோன சிவப்பு எனாமல் ஒரு டப்பா வாங்கி வந்தேன். இரண்டு நாள் லீவு போட்டேன். வண்டிக்கு அடியில் படுத்தேன்.

இங்கேதான் என் தொழில் சுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதாரணப் பெயின்டராக இருந்தால் போல்ட், நட்டு, பட்டை எல்லாவற்றின் மேலேயும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுப் போவான். நான் அப்படிப்பட்டவன் இல்லை. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அடியில் இரண்டு கோட் சிவப்பு அடித்தேன். காயவிட்டேன். மறுபடி எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து முறுக்கினேன். பூஜையன்று ஒரு போல்ட் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அடியில் ஒளிந்துகொண்டு யார் கண்ணிலும் படாத போல்ட்டுக்குக்கூட. மாரிமுத்து அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "சாமி, வண்டிக்குக் கல்யாணமே பண்ணிட்டீங்க" என்றார்.

கல்யாணமான மூன்றாம் நாள் குடும்பத்தில் சண்டை ஆரம்பித்தது.

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் கண்ணடிக்கும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் பதிலுக்குக் கண்ணடிக்கும். ஹாரன் அமுக்கினால் ஆஸ்துமாக்காரர் மாதிரி ஒரு முனகல் வரும். ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே அமுக்கினால் திடீரென்று முழுக்குரல் எடுக்கும். சந்தையில் முன்னால் போன ஒரு பெரியவர் அந்த முழுக்குரலில் துள்ளி, கையிலிருந்த கத்திரிக்காய்ப் பையைப் போட்டுவிட்டு எங்களைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. காலையில் செல்ஃப் போட்டால் எஞ்சின் ஒரு தரம் பெருமூச்சு விட்டுவிட்டு அடங்கிவிடும். அதனால் மாரிமுத்து அண்ணன் எங்கே போனாலும் சரிவு பார்த்து நிறுத்தப் பழகினார். டீக்கடை நல்ல கடையா என்று பார்ப்பதில்லை. கடை வாசல் சரிகிறதா என்றுதான் பார்ப்பார். அந்த ஒரு மாதம் நாங்கள் குடித்த டீயெல்லாம் சரிவில் இருந்த டீ. ருசியைச் சொல்லவே வேண்டாம்.

நான் களத்தில் இறங்கினேன். கையில் டெஸ்ட் லேம்ப். ஒரு சின்ன பல்ப், இரண்டு ஒயர். ஒரு ஒயரின் நுனியில் கவ்வி. கவ்வியை வண்டியின் உடம்பில் மாட்டிவிட்டு, இன்னொரு நுனியை ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்க்க வேண்டும். பல்ப் எரிந்தால் அந்த ஒயரில் கரண்ட் வருகிறது. எரியாவிட்டால் வரவில்லை. இதைவிட எளிதான கருவி உலகத்தில் கிடையாது. நான் கவ்வியை எங்கே மாட்டினேன் என்கிறீர்கள்? நானே பெயின்ட் அடித்த அழகான சிவப்புச் சேஸில். அழுக்குப் படாமல் இருக்கட்டும் என்று நல்ல பளபளப்பான இடமாகப் பார்த்து.

பல்ப் எப்படி எரியும்? பெயின்ட்டுக்குள் கரண்ட் போகுமா? ஆனால் அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. தொட்ட ஒயரிலெல்லாம் கரண்ட் இல்லை என்று பல்ப் சாட்சி சொன்னது. நான் நம்பினேன். நல்ல ஒயரையெல்லாம் வெட்டி எறிந்து புது ஒயர் இழுத்தேன். அதுவும் செத்த ஒயர் என்று பல்ப் சொல்லவே, அதற்கும் ஒரு துணை ஒயர் இழுத்தேன். பத்து நாளில் டாஷ்போர்டுக்குக் கீழே, நீளவாட்டில் நூல் இழுத்துப் பாவு ஓட்டிய தறி மாதிரி ஆகிவிட்டது. மாரிமுத்து அண்ணன் காலை வைக்கும்போது, "ஏனுங்க சாமி, இதுல குறுக்க கொஞ்சம் ஊடை நூலு போட்டுட்டா ரெண்டு துண்டு நெஞ்சுரலாமுங்களே" என்பார்.

இப்போது சொல்ல வெட்கமான பகுதி. எல்லாவற்றையும் மாற்றியும் சரியாகாதபோது, படித்த ஒயர்மேன் என்ன செய்வான்? டிரைவர் மேல் போடுவான். எங்கள் மேனேஜர் எழுத்தில் இருப்பதை மட்டும் நம்புகிறவர். வேனுக்கு ஒரு பதிவேடு வைத்திருந்தார். அதில் நான் என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன்: 'ஓட்டுநர் ஹாரனை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதால் மின்சாரம் விரயமாகிறது.' அடுத்த வாரம்: 'ஓட்டுநர் பிரேக்கைக் கடுமையாக மிதிப்பதால் இண்டிகேட்டருக்கு அதிர்ச்சி ஏற்படுகிறது.' அதற்கும் அடுத்த வாரம் வண்டி எருமப்பட்டி ரோட்டில் நின்று, பெட்டிகளை வாடகை ஆட்டோவில் மாற்றி அனுப்ப வேண்டி வந்தபோது, 'ஓட்டுநர் அடிக்கடி எஞ்சினை அணைப்பதால்' என்று ஆரம்பித்து ஒரு முழுப் பக்கம்.

மேனேஜர் அந்தப் பக்கத்தை மாரிமுத்து அண்ணனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். படித்துவிட்டுச் சொன்னார், "இன்னொரு வாட்டி வண்டி ரோட்டுல நின்னுதுன்னா, வேற டிரைவர போட்டுக்கறேன். அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது."

அண்ணன் வெளியே வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கழற்ற வேண்டிய பிளக் இல்லை அது.

"எழுத்து அழகா இருக்குதுங்க சாமி" என்றார். அவ்வளவுதான். வண்டியில் ஏறிவிட்டார்.

திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மறந்திருப்பேன்.

அடுத்த வாரம் மேச்சேரிக்கு லோடு. ரத்தினக்கா என்று ஒருவர், புதிதாகக் கொட்டாய் போட்டுக் கோழி வளர்க்க ஆரம்பித்திருந்தார். முதல் பேட்ச், இரண்டாயிரம் குஞ்சு. பதினோரு மணிக்குள் வந்துவிடும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். காலையில் ஏற்றிக்கொண்டு திருச்செங்கோடு, சங்ககிரி, எடப்பாடி என்று ஒழுங்காகப் போனோம். அண்ணன் வழி நெடுக எஞ்சினை அணைக்கவே இல்லை. ஒன்றுக்குப் போனபோதுகூட, ஓடுகிற எஞ்சினை என்னிடம் ஒப்படைத்து, "கைக்குழந்த மாதிரி பாத்துக்கோங்க சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

மேச்சேரிக்கு இரண்டு மைல் இருக்கும்போது ஓர் ஓடைப்பாலம். அந்தப் பள்ளத்தில் இறங்கினால் முன்னாலும் மேடு, பின்னாலும் மேடு. சரியாக அங்கே செம்மறியாட்டுக் கூட்டம் ஒன்று குறுக்கே ஏறியது. செந்நிற ஆடுகள், நூறு இருக்கும். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆடு ரோட்டைக் கடப்பதில்லை, ரோட்டில் குடியேறும். அண்ணன் சடாரென்று பிரேக் அடித்தார். இண்டிகேட்டர் கண்ணடித்தது. எஞ்சின் குலுங்கி நின்றது.

செல்ஃப் போட்டார். பெருமூச்சு. மறுபடி போட்டார். பெருமூச்சுகூட வரவில்லை. பின்னால் நான்கு ஃபேனும் மெல்ல மெல்லச் சுழன்று நின்றன. அதுவரை ஃபேன் சத்தத்தில் கலந்திருந்த குஞ்சுகளின் கத்தல் தனியாகக் கேட்டது. அண்ணன் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"அவ்வளவுதானுங்க சாமி" என்றார்.

தள்ளிப் பார்த்தோம். ஆடு மேய்ப்பவரும் வந்து கைகொடுத்தார். மேட்டில் நாலு அடி ஏறும். ஐந்து அடி பின்னால் வரும். மணி பதினொன்றரை. முந்தின நாள் மழை பெய்து, வெயில் அடித்து, காற்றே இல்லாத புழுக்கம். வண்டிக்குள் விட்டால் குஞ்சு தாங்காது. இருபது பெட்டியையும் இறக்கி, ஓடைக்கரையில் ஒரு புளிய மரத்து நிழலில் பரப்பி வைத்தோம். உடனே காக்காய்களுக்குத் தந்தி போய்விட்டது. எங்கிருந்து வந்தன என்று தெரியாது, மரம் கறுத்துவிட்டது. நான் துண்டைச் சுழற்றிக்கொண்டு இருபது பெட்டியையும் சுற்றிச் சுற்றி ஓடினேன். தொழில்நுட்ப வல்லுநர் என்று என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்த எண்ணத்துக்கு அது கொஞ்சமும் பொருந்தாத ஓட்டம். அப்படியும் ஒரு காக்காய், பெட்டியின் ஓட்டையில் தலை நீட்டிய ஒரு குஞ்சைக் கொத்தி எடுத்துக்கொண்டு போயே போய்விட்டது.

அப்போதுதான் மேட்டின் மேலிருந்து ஒரு மொபெட் இறங்கியது. ரத்தினக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை. பின்னால் புல்லுக்கட்டுக்கு வைத்த கயிறும் ஒரு பண்ணருவாளும்.

"ஏனுங்க, எங்குஞ்சு எல்லாம் இங்க என்னங்க பண்ணுது? சுற்றுலாவுங்களா?" என்றார். சிரிப்பது மாதிரிக் கேட்டாலும் கண் பெட்டிகளின் மேலேயே இருந்தது. "வெடியக்காலைல இருந்து கரி போட்டுக் கொட்டாயச் சூடு பண்ணி வெச்சிருக்கறேன். தண்ணில வெல்லம் கரைச்சு வெச்சிருக்கறேன். மாமியார் எழவு உழுந்த ஊடு மாதிரி வாசல்லயே நிக்கறாங்க."

"ஒரு குஞ்சக் காக்கா தூக்கீருச்சுங்க்கா" என்றேன். உண்மையை ஒப்புக்கொள்ளும் பயிற்சி அன்றைக்கு அப்படிச் சிறியதாக ஆரம்பித்தது.

"நூத்துக்கு ரெண்டு சேத்திப் போடுவாங்களல்ல? அது காக்காய்க்குன்னு வெச்சுக்கலாம் தம்பி. மிச்சத்த எப்ப கொண்டாந்து சேப்பீங்க?"

மாரிமுத்து அண்ணன் எஞ்சின் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, கடைசியாக ஒரு தரம் என்று செல்ஃப் போட்டார். ரத்தினக்கா கதவோரம் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் பிறந்த வீட்டில் விசைத்தறி ஓட்டியவர். தறிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மோட்டார் ஓடும்போது போகிற போக்கில் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவார்கள். சூடு எவ்வளவு என்று புறங்கை சொல்லிவிடும். அந்தப் பழக்கத்தில், எஞ்சின் பெட்டிக்குள் தெரிந்ததையெல்லாம் புறங்கையால் ஒரு வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தவர், வெடுக்கென்று கையை இழுத்தார்.

"ஐயோ, இந்தக் கயிறு என்னங்க இந்தச் சுடு சுடுது?"

ஆக்சிலேட்டர் கேபிள். பெடலிலிருந்து எஞ்சினுக்குப் போகிற கம்பிக் கயிறு. அதன் மேல் உறையிலிருந்து மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. ஒரு மாதமாக வண்டியில் வீசிக்கொண்டிருந்த கருகல் வாசனைக்குப் பிறந்த இடம் அது.

"அதுல கரண்ட்டே கெடையாதுங்க்கா. அது வெறும் கம்பி" என்றேன், ஒயர்மேன் தோரணையில்.

ரத்தினக்கா என்னைப் பார்த்த பார்வையில் என் சர்டிபிகேட் பாதி கிழிந்தது. "கரண்ட்டு போகாத எடம் எதுக்குங்க தம்பி சுடோணும்?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் இரண்டு வருஷம் படித்தேன். ஆனால் என் புத்தகத்தில் எர்த்தைப் பற்றி வீட்டு ஒயரிங்குக்கு மட்டும்தான் எழுதியிருந்தார்கள். வீட்டில் எர்த் என்பது வாசலில் கட்டின திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரி. கட்டினால் நல்லது, கட்டாவிட்டாலும் பல்ப் எரியும். வண்டியில் அப்படி இல்லை. பேட்டரியிலிருந்து கரண்ட் ஒயர் வழியாகக் கிளம்பிப் போகும். திரும்பி வர ஒயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பு வழியாகவே வீடு திரும்ப வேண்டும். எஞ்சினோ ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேஸையும் சேர்ப்பதற்கென்று சடை பின்னின மாதிரி ஒரு செம்புப் பட்டை, ஒரு போல்ட். அந்தப் பாதை அடைபட்டால் கரண்ட் என்ன செய்யும்? கிடைத்த சந்தில் நுழையும். ஆக்சிலேட்டர் கேபிள் வழியாக மூச்சுத் திணறிக்கொண்டு திரும்பும். பெடலை மிதித்தால் கேபிள் இறுகி, சந்து கொஞ்சம் அகலமாகும். அதனால்தான் அந்த முழுக்குரல்.

இதெல்லாம் ஒரு விநாடியில் எனக்குள் ஓடியது. அடைத்தது யார் என்பது அடுத்த விநாடியில் ஓடியது.

வண்டிக்கு அடியில் போனேன். மல்லாந்து படுத்தபடி நகர்ந்து அந்தப் பட்டையின் அடிக்குப் போனால், அங்கே அது இருந்தது. பட்டைக்குக் கீழே இரண்டு கோட் சிவப்பு எனாமல். துளி பிசிறில்லை. அதன்மேல் இறுக்க முறுக்கிய போல்ட். போல்ட்டின் தலையில், ஒரு மாதத் தூசியையும் தாண்டி, வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

நல்ல மனிதனாக இருந்தால் அந்த நேரத்தில் முதலில் போல்ட்டைக் கழற்றியிருப்பேன். நான் முதலில் கட்டைவிரலால் அந்தப் பொட்டை அழித்தேன். அழித்துவிட்டுத் திரும்பினால், வண்டியின் மறுபக்கம் தலைகீழாக ஒரு முகம். மாரிமுத்து அண்ணன் குனிந்து எனக்கு எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கட்டைவிரலில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மறைந்தது. வண்டிக்கு வெளியே அவருடைய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. அவை குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்து வெளியே தவழ்ந்து வந்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இருக்கறதுலயே கீழ கெடக்கற போல்ட்டு. அதுக்கும் மறக்காம பொட்டு வெச்சிருக்கறீங்களே சாமி!"

ரத்தினக்காவின் பண்ணருவாளை வாங்கி, என் சொந்தக் கையால் நான் அடித்த பெயின்ட்டை நானே சுரண்டினேன். இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, பட்டையை வைத்து முறுக்கினேன். அண்ணன் சாவியைத் திருப்பினார். ஒரே சுற்று. மரத்தில் இருந்த காக்காய்களெல்லாம் பறந்தன. நான்கு ஃபேனும் சுழன்றன. இருபது பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, முன்னால் ரத்தினக்காவின் மொபெட் வழிகாட்ட, அந்த இரண்டு மைலும் அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். தேவை இருந்து அடிக்கவில்லை. குரல் வந்துவிட்டதல்லவா, அதனால் அடித்தார். பதினைந்து குஞ்சு கொஞ்சம் வாடியிருந்தன. வெல்லத் தண்ணீர் கொடுத்ததும் அவையும் எழுந்து கத்த ஆரம்பித்தன.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு நல்லது. சாயங்காலம் ஹேச்சரியில் பதிவேட்டோடு மேனேஜர் உட்கார்ந்திருந்தார். ரத்தினக்கா வீட்டில் குஞ்சுக்காக வாசலில் காத்திருந்த விஷயம் எப்படியோ போன் வழியாக வந்து சேர்ந்துவிட்டது.

"நின்னுதா, இல்லையா?"

"நின்னுதுங்க" என்றார் மாரிமுத்து அண்ணன்.

"எதனால?"

"ஆடு குறுக்க வந்துதுங்க."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. போல்ட் என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரவில்லை. மேனேஜர் பேனாவின் மூடியைத் திறந்தார். இந்த நேரத்தில் கரண்ட் போனால் நன்றாயிருக்குமே என்று மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தேன். ஹேச்சரியில் கரண்ட் போகாது. போனால் மறுநிமிஷம் ஜெனரேட்டர் வரும். அந்த ஜெனரேட்டரைத் தவறாமல் வேலை செய்யவைத்தவனும் நான்தான். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே ஒயரிங் எனக்கே எதிராக நின்றது.

"சார், அதுல நான் எழுதறனுங்க" என்றேன்.

எழுதினேன். 'எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட் இருந்ததே இதுவரை ஏற்பட்ட எல்லாக் கோளாறுக்கும் காரணம். பெயின்ட் அடித்தவன் நான். ஓட்டுநர் மீது முன்பு எழுதியவை அனைத்தும் தவறு.' எழுதி முடித்ததும் மேனேஜர் இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எர்த்துன்னா குழி தோண்டிப் பொதைக்கறதுதானப்பா? வேனுக்கு எதுக்கு அது?"

ஒரு மாதமாக என் மண்டைக்குள் இருந்த அதே கேள்வி. அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவர் கையை நீட்டி டூல் பாக்ஸின் சாவியை வாங்கிக்கொண்டார். அண்ணனின் ஸ்டியரிங் அண்ணனிடமே இருந்தது. நான் மூன்று மாதம் குஞ்சு எண்ணும் ஹாலில், இரண்டு கையாலும் குஞ்சுகளை அள்ளிப் பெட்டியில் போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே எர்த் தேவையில்லை.

வெளியே வந்தபோது அண்ணன் வேன் கதவில் சாய்ந்து நின்றார். நன்றி, மன்னிப்பு என்ற மாதிரி சங்கடமான பேச்செல்லாம் எங்களுக்கு வராது.

"சாமி, இன்னைக்கும் எழுத்து அழகா இருந்துதுங்களா?" என்றார்.

அதன் பிறகு நான் ஹேச்சரியை விட்டு, சேலத்துக்கு வந்து, கடைசியில் வீட்டு ஒயரிங்கோடு நிறுத்திக்கொண்டேன். அதில் எர்த்தை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது, தேவைக்கு மேலேயே புதைப்பேன். அந்த வேன் சங்ககிரியில் உடைக்கப் போனது. இப்போது குஞ்சுகள் ஏசி வண்டியில் போகின்றன. டிரைவருக்கும் குஞ்சுக்கும் நடுவில் கனமான சுவர். காலையில் யாரும் அவற்றிடம் போகலாமா என்று கேட்பதில்லை. மகளின் வண்டி எங்கே வலிக்கிறது என்று தானே திரையில் எழுதிக் காட்டுமாம். நல்லதுதான். டிரைவர் மேல் பழி போட அதற்கு இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நம்புகிறேன்.

மாரிமுத்து அண்ணன் மட்டும் விடவில்லை. வீட்டுக்கு முதன்முதலாக போன் வந்த வருஷத்திலிருந்து, ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் காலை ஏழு மணிக்கு மணி அடிக்கும். எடுத்தால் ஹலோ கிடையாது, நலமா கிடையாது.

"சாமி, பொட்டு வெச்சாச்சுங்களா? போல்ட்டுக்கு மட்டும் வெச்சுராதீங்க."

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார் என்பது போனிலேயே தெரியும். வருஷத்துக்கு ஒரு போன், ஒரே வசனம். அந்தச் சிரிப்பு மட்டும் ஒரு வருஷம்கூடக் குறையவில்லை.

போன ஆடியில் அவர் மகன் போன் செய்தான். சங்ககிரிக்குப் போய் ஒரு மாலை போட்டுவிட்டு வந்தேன்.

இந்த ஆயுத பூஜைக்கு ஏழு மணி ஆயிற்று. எட்டு ஆயிற்று. அடிக்காது என்று தெரியும். தெரிந்தும் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் சந்தனம் குழைத்தேன். புது வேனின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கட்டைவிரலில் சந்தனம் காயக் காய நின்றேன். எச்சரிக்க ஆள் இல்லாத முதல் வருஷம். பார்த்தால் வண்டியில் வெளியே தெரிகிற மாதிரி ஒரு போல்ட்டும் இல்லை.

"அப்பா, இன்னும் யாருக்குப்பா பாக்கி?" என்று கேட்டாள் மகள்.

பையிலிருந்து போனை எடுத்தேன். அதைத் திருப்பி, முதுகில் நடுவாகப் பார்த்து, ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். நடுவில் குங்குமம். சார்ஜ் ஏறுகிற ஓட்டையில் படாமல், மிகவும் கவனமாக.